கால் பண்ணு, ஜிபே பண்ணு: சென்னைத் தமிழில் ஒரு வினையின் வேலை

மயிலாப்பூரில் கபாலீசுவரர் சன்னதியில் நிற்பவரிடம் அர்ச்சகர் கேட்பார்: "யார் பேருக்கு அர்ச்சனை பண்ணணும்?" கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே வந்து இரண்டு முழம் மல்லிகை வாங்கினால் பூக்காரம்மா சொல்வார்: "சில்லறை இல்ல சார், ஜிபே பண்ணிடுங்க." சற்றுத் தள்ளி ஏதாவது ஒரு வக்கீல் அலுவலகத்தில், "அந்தப் பவரை மொதல்ல ரத்து பண்ணிடுங்க" என்று ஒருவர் இன்னொருவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். அர்ச்சனை வடசொல். ரத்து, அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்து சேர்ந்தது. ஜிபே, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர். மூன்றும் தமிழுக்குள் வந்த காலம் வேறு, வழி வேறு, கொண்டுவந்தவர்களும் வேறு. ஆனால் மூன்றும் வாக்கியத்தில் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன: 'பண்ணு' என்ற வினைக்கு முன்னால்.

'கால் பண்ணு', 'வெயிட் பண்ணு', 'அட்ஜஸ்ட் பண்ணு' போன்ற தொடர்களைக் கேட்டதும் தமிழ் கெட்டுப்போய்விட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. காலத்துக்கேற்ற மாற்றம் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இருவருமே அந்தத் தொடர் எப்படி வேலை செய்கிறது என்று உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தால் தெரியும், அதன் இலக்கணம் முழுக்கத் தமிழ். ஆங்கிலத்துக்கு அதில் ஓர் இடம் உண்டு, ஆனால் அதிகாரம் கிடையாது. இழப்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது இலக்கணத்தில் இல்லை.

நன்னூலின் பதவியலிலிருந்து தொடங்கலாம். ஒரு வினைமுற்றைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரிக்கப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். 'பண்ணினேன்' என்றால் பண்ணு + இன் + ஏன். இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என்ற இடைநிலைகள் இருக்கின்றன. எந்த வினைக்கு எது வரும் என்பது தமிழைத் தாய்மொழியாகப் பேசுபவருக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். நடந்தேன், நட்டேன், கற்றேன், ஓடினேன். இப்போது 'கால்' என்ற ஆங்கில வினையைப் பகுதியாக வைத்துப் பாருங்கள். காலினேனா, கால்ந்தேனா, கால்த்தேனா? எதுவும் வாயில் நிற்காது. அயல் வினைக்கு எந்த இடைநிலை என்று முடிவு செய்வதற்குப் பதிலாகத் தமிழ் வேறொரு வழியைப் பிடித்தது. அந்தச் சொல்லை அப்படியே தனியாக நிறுத்திவிட்டு, காலம், எண், இடம், மரியாதை, ஏவல், எதிர்மறை என்று எல்லாப் பாரத்தையும் 'பண்ணு'வின் மேல் ஏற்றிவிட்டது. பண்ணினேன், பண்ணுவாங்க, பண்ணாதே, பண்ணியிருக்கலாம், பண்ணலியா. ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. 'நேத்து கால்டு பண்ணேன்' என்று ஆங்கில இறந்தகால உருவத்தைக் கொண்டுவந்து வைத்து யாரும் பேசுவதில்லை.

இது தமிழ் மட்டும் கண்ட வழி அல்ல. இந்தியில் 'கர்னா', தெலுங்கில் 'சேயி', கன்னடத்தில் 'மாடு', மலையாளத்தில் 'செய்யுக' என்று நம்மைச் சுற்றியுள்ள மொழிகள் எல்லாம் இதையே செய்கின்றன. ஜப்பானியர் 'சுரு'வையும் கொரியர் 'ஹதா'வையும் துருக்கியர் 'எத்மெக்'கையும் வைத்து அயல் வினைகளை ஆள்கிறார்கள். ஜெர்மன்காரர்களோ கூகுள் என்ற பெயருக்கே தங்கள் விகுதியை நேராக ஒட்டி வினையாக்கிவிடுகிறார்கள். யான் வோல்கெமுத் என்ற மொழியியலாளர் உலக மொழிகள் வினைகளைக் கடன் வாங்கும் முறைகளைத் தொகுத்து 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். நேராக ஒட்டிக்கொள்வது, ஓர் அசையை இடையில் சேர்த்து ஒட்டிக்கொள்வது, 'செய்' என்ற பொருளுள்ள ஒரு துணைவினையின் மேல் ஏற்றுவது ஆகியவை அவர் காட்டும் முக்கியமான வழிகள். தமிழின் வரலாற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் அருகருகே நடந்திருக்கின்றன. எனக்கு மிகவும் சுவையாகப்படும் இடம் அதுதான்.

வடமொழியிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள். 'யோசனை பண்ணினேன்' என்றும் சொல்லலாம், 'யோசித்தேன்' என்றும் சொல்லலாம். பிரார்த்தனை பண்ணு – பிரார்த்தி, விசாரணை பண்ணு – விசாரி, தரிசனம் பண்ணு – தரிசி, ஜெபம் பண்ணு – ஜெபி. இரண்டாவது வரிசையில் கடைசியில் ஓர் இகரத்தைச் சேர்த்து, அயல் சொல்லையே தமிழ் வினைப்பகுதி ஆக்கிக்கொண்டார்கள். அப்படி ஆனவை எல்லாம் ஒரே அச்சில் நடக்கின்றன: யோசித்தேன், யோசிக்கிறேன், யோசிப்பேன். வடசொல்லும் தமிழும் கலந்த மணிப்பிரவாள நடையில் இரண்டு வழியும் தாராளமாகப் புழங்கின. 13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி என்ற திருவாய்மொழி உரையைப் புரட்டினால், வடசொல்லோடு 'பண்ணி' சேர்ந்துவரும் தொடர்கள் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இன்றும் காலட்சேபத்தில் அமர்ந்து கேட்கும் முதியவர்களின் காதுக்கு 'அநுபவம் பண்ணி', 'உபதேசம் பண்ணி' எல்லாம் அன்றாடச் சொற்கள். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிலும் ஜெபம்பண்ணுதல், பிரசங்கம்பண்ணுதல் என்று இதே அமைப்பு நிறைந்திருக்கிறது.

அடுத்து வந்தவை நவாபுகள் காலத்து அரபு, பாரசீகச் சொற்கள். வரி, நிலம், நீதிமன்றம் சார்ந்த தமிழ் இவற்றை விட்டால் நடக்காது: ஜப்தி பண்ணு, தாக்கல் பண்ணு, ரத்து பண்ணு, பைசல் பண்ணு, வசூல் பண்ணு. சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்து, புதுச்சேரியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உரைநடை இப்படிப்பட்ட கலப்புக்குப் பெரிய சான்று. இந்தக் கூட்டத்தில் 'வசூல்' மட்டும் ஒரு படி மேலே ஏறியது. 'வசூலித்தார்கள்' என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. அரபுச் சொல் இகரம் பெற்றுத் தமிழ் வினையாகவே ஆகிவிட்டது. மற்றவை 'பண்ணு'வின் தோளிலேயே நின்றுவிட்டன.

ஆங்கிலத்துக்கு அந்த இகர வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. இணையத்தில் விளையாட்டாக எழுதுபவர்கள் 'கூகுளித்தேன்', 'லைக்கினேன்' என்று முயன்று பார்த்தார்கள். படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் பேச்சுக்கு வரவில்லை. ஏன் என்பதற்கு என் கணிப்பு இது: யோசி, விசாரி போன்ற சொற்களை எழுத்துத் தமிழும் வாங்கி நூற்றாண்டுக் கணக்கில் உருட்டித் தேய்த்தது. ஆங்கிலச் சொற்களோ இருமொழி தெரிந்தவர்களின் வாய்வழி வந்தவை. அவர்கள் அந்தச் சொல்லை ஆங்கிலச் சொல்லாகவே கேட்கிறார்கள், ஆங்கிலச் சொல்லாகவே உச்சரிக்க விரும்புகிறார்கள். ஆங்கிலம் படிக்காதவர்களும் அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்துத் தமிழ் கதவைத் திறந்து உள்ளே விடவில்லை, பேச்சுத் தமிழ் திண்ணையில் உட்காரவைத்து உபசரிக்கிறது.

ஒரு சொல் எவ்வளவு வேகமாகத் திண்ணைக்கு வந்து சேரும் என்பதற்கு 'ஜிபே பண்ணு' நல்ல அளவுகோல். யுபிஐ பணப்பரிமாற்றம் 2016இல் தொடங்கியது. கூகுளின் செயலி 2017இல் 'தேஸ்' என்ற பெயரில் வந்து, 2018 ஆகஸ்டில் 'கூகுள் பே' ஆனது. அப்படியானால் இந்தத் தொடர் அதற்கு முன் பிறந்திருக்கவே முடியாது. இன்று பூக்காரர், இளநீர்க்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுநர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் செயலி வழியாகப் பணம் அனுப்பினாலும் 'ஜிபே பண்ணிட்டேன்' என்கிறார்கள். பெயரின் பொருள் கரைந்து, செயலின் பொருள் மட்டும் நின்றுவிட்டது.

இனி இந்தத் தொடரின் உள்ளே போகலாம். 'பண்ணு'வுக்கு ஒரு கூட்டாளி உண்டு: 'ஆகு'. வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன், வண்டி ஸ்டார்ட் ஆச்சு. நிகழ்ச்சியை கேன்சல் பண்ணிட்டாங்க, நிகழ்ச்சி கேன்சல் ஆயிடுச்சு. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்ற ஒரே வினை இரண்டு வேலையையும் செய்கிறது. தமிழில் அது முடியாது. உருண்டது – உருட்டினான், திருந்தினான் – திருத்தினான் என்று, தானாக நிகழ்வதையும் ஒருவர் நிகழ்த்துவதையும் பிரித்துச் சொல்லியே தீரவேண்டும் என்பது நம் மொழியின் பழைய வழக்கம். அயல் சொல் தன்னிடம் இல்லாத அந்தப் பிரிவை இங்கே வந்ததும் ஏற்றுக்கொள்கிறது.

அன்றாடப் பேச்சில் யார்மேல் பழி, யாருக்குப் புகழ் என்பதெல்லாம் இந்தப் பிரிவை வைத்தே தீர்மானமாகிறது. தேர்வு முடிவு வரும் நாளில் காது கொடுத்துக் கேளுங்கள். "பாஸ் பண்ணிட்டேன்" என்பான் பையன். தோற்றால் "ஃபெயில் ஆயிட்டேன்" என்பான். வெற்றி அவன் செயல், தோல்வி அவனுக்கு நேர்ந்தது. ஆசிரியர்மேல் கோபம் இருந்தால் "ஃபெயில் பண்ணிட்டாங்க" என்பான். 'பாஸ் ஆயிட்டேன்' என்பதும் உண்டுதான், அதில் தப்பிப் பிழைத்த பெருமூச்சு கொஞ்சம் கேட்கும். அடையாறு டிப்போவில் "பஸ் மிஸ் ஆயிடுச்சு" என்பவர் போக்குவரத்தின்மேல் பாரத்தைப் போடுகிறார், "பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்" என்பவர் தன்மேல் போட்டுக்கொள்கிறார். "லேட் ஆயிடுச்சு" என்று வந்தவர் சொல்ல, "நீதான் லேட் பண்ணிட்டே" என்று காத்திருந்தவர் திருப்பிக் கொடுப்பார். ஒரு சண்டையே இந்த இரண்டு வினைகளுக்கு நடுவில் நடந்துவிடும்.

வேற்றுமை உருபுகளும் அப்படியே. ஆங்கிலத்தில் கால் என்ற வினை தன் செயப்படுபொருளை நேராக ஏற்கும், தமிழில் சொன்னால் அது இரண்டாம் வேற்றுமை. நம் 'கூப்பிடு'வும் அப்படித்தான்: அவனைக் கூப்பிட்டேன். ஆனால் சென்னையில் யாரும் 'அவனை கால் பண்ணேன்' என்பதில்லை, "அவனுக்கு கால் பண்ணேன்" என்பார்கள். 'அவனுக்கு ஃபோன் போட்டேன்', 'அவனுக்குக் கடிதம் எழுதினேன்' என்ற வரிசையில் தமிழ் அதைச் சேர்த்துவிட்டது. ஒருவரிடம் போய்ச் சேரவேண்டிய பொருளாக அந்த அழைப்பை நினைத்து நான்காம் வேற்றுமை கொடுத்தது. ஹெல்ப் பண்ணும்போது 'அவனுக்கு', காரணம் உதவு என்ற வினை நான்காம் வேற்றுமை கேட்கும். மீட் பண்ணும்போது 'அவனை', காரணம் சந்தி இரண்டாம் வேற்றுமை கேட்கும். வெயிட் பண்ணும்போது 'உனக்காக'. ஆங்கில முன்னிடைச்சொற்கள் ஒன்றுகூட இங்கே வருவதில்லை.

இந்தச் சேர்க்கை ஒரே சொல்லா இரண்டு சொல்லா என்பதையும் பேசுபவர்களே சோதித்துக் காட்டிவிடுகிறார்கள். "காலே பண்ணல", "கால்கூடப் பண்ணல", "கால்தான் பண்ணேன், பேசல" என்று நடுவில் இடைச்சொற்கள் தாராளமாக நுழைகின்றன. "அட்ஜஸ்டே பண்ண மாட்டேங்கறா" என்று ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஓர் அம்மா இன்னொருவரிடம் அலுத்துக்கொள்வார். 'ஒரு கால் பண்ணு', 'ஒரு ஹெல்ப் பண்ணு' என்று எண்ணுப்பெயரும் வரும். 'ஒரு அட்ஜஸ்ட் பண்ணு' என்று மட்டும் வராது, 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு'தான். எது பெயர், எது வினை என்று ஆங்கில இலக்கணம் படிக்காதவருக்கும் இந்தச் சேர்க்கைக்குள் பேதம் தெரிகிறது. கோபம் வந்தால் எதிரொலிச் சொல்லும் சேர்ந்துவிடும்: "கால் கீல் பண்ணிடாதே!"

துணைவினைகளின் செழிப்பைச் சொல்லாமல் போனால் இந்த ஆய்வு முழுமை ஆகாது. கட் பண்ணிட்டான், கட் பண்ணிக்கிட்டான், கட் பண்ணிக் கொடுத்தான், கட் பண்ணிப் பார்த்தான், கட் பண்ணி வெச்சான், கட் பண்ணித் தொலைச்சான். செய்து முடித்தது, தனக்காகச் செய்துகொண்டது, பிறருக்காகச் செய்தது, முயன்று பார்த்தது, பின்னால் உதவும் என்று செய்துவைத்தது, எரிச்சலோடு பேசுவது என்று ஆறு நிழல்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சொற்றொடர் வேண்டும். பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஹெரால்டு ஷிஃப்மன் தன் 1999 நூலில் இந்தத் துணைவினைகளுக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார். அயல் சொல் 'பண்ணு'வோடு சேர்ந்த நொடியிலேயே இவ்வளவு செல்வமும் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு விந்தை: பண்ணுவுக்கு முன்னால் வருவது ஆங்கிலத்தில் வினையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. 'ஃபேனை ஆன் பண்ணு', 'லைட்டை ஆஃப் பண்ணு' என்கிறோம். ஆனும் ஆஃபும் ஆங்கிலத்தில் தனித்து வினையாக நிற்பவை அல்ல, ஸ்விட்ச் என்ற வினையோடு ஒட்டிவரும் சிறுசொற்கள். தமிழ் அந்த வினையை உதறிவிட்டு வாலை மட்டும் எடுத்துக்கொண்டது, பொருள் முழுவதும் வாலில்தானே இருக்கிறது! பெயரடைகளும் இப்படியே: ரெடி பண்ணு, க்ளியர் பண்ணு, டைட் பண்ணு.

தி. நகரில் தையற்கடையில் ஒரு வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்டால் இந்த அமைப்பின் எல்லையும் விளங்கிவிடும். "புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கணும், ஓரம் பிக்கோ பண்ணணும், பிளவுஸ் கையை லூஸ் பண்ணணும்." டெய்லர் தன் பையனிடம் திரும்பிச் சொல்வதோ வேறு: "கையைப் பிரிச்சு விடு, இடுப்புல அரை இஞ்ச் பிடிச்சு அடி." வாடிக்கையாளருக்கு வேண்டியது விளைவு, அதற்கு லூஸ் என்ற ஒரு சொல் போதும். டெய்லருக்கு வேண்டியது கை செய்யும் வேலை. தையலைப் பிரிப்பதும் துணியைப் பிடிப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதால் அவர் மொழியில் தமிழ் வினை உயிரோடு இருக்கிறது. தொழில் தெரிந்தவர்களிடம் வினைச்சொல் தங்குகிறது என்பதை நான் பல இடங்களில் கவனித்திருக்கிறேன்.

'ஃபால்ஸ் அடி' என்பதில் பண்ணு வரவில்லை என்பதையும் பாருங்கள். பண்ணுவுக்குப் போட்டியாளர்கள் உண்டு. டீ போடு, பில் போடு, பிரேக் போடு, பிளான் போடு, சீன் போடு. பெயின்ட் அடி, சைட் அடி, காப்பி அடி. டிக்கெட் எடு, ரெஸ்ட் எடு, ரிஸ்க் எடு. யாழ்ப்பாணத்தில் 'கோல் எடு' என்கிறார்கள், சென்னைக்காரர் அதைப் பண்ணுகிறார். லஸ் பக்கம் நாகேசுவர ராவ் பூங்காவில் காலையில் சுற்றிவரும் பெரியவர்கள் 'வாக்கிங் போறேன்' என்பார்களே தவிர 'வாக் பண்றேன்' என்பதில்லை. இடம்விட்டு இடம் பெயரும் செயலுக்குப் 'போ' வேண்டும் என்ற உணர்வு அங்கே முந்திக்கொள்கிறது.

பண்ணு எங்கெல்லாம் நுழையவில்லை என்று ஒரு கோடு கிழித்துப் பார்த்தால் தமிழின் அடித்தளம் தெரியும். போ, வா, சாப்பிடு, தூங்கு, பாரு, சொல்லு, கொடு ஆகிய வினைகளுக்கு மாற்றாக ஆங்கில வினையை வைத்து யாரும் பேசுவதில்லை. தெரியும், வேணும், பிடிக்கும் ஆகியவற்றை ஆங்கிலம் தொடவே இல்லை. 'லைக் பண்ணு' என்பது கைப்பேசித் திரையில் கட்டைவிரலை அழுத்துவதற்கு மட்டும்தான். வத்தக்குழம்பு ருசித்தால் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றுதான் எந்த வயதுக்காரரும் சொல்வார். அடையாறு, தரமணிப் பக்கம் கணினி நிறுவனங்களில் நாள் முழுக்க ஷெட்யூல் பண்ணி, ஃபாலோ அப் பண்ணி, எஸ்கலேட் பண்ணிக் களைத்துப்போனவரும் வீட்டுக்கு வந்து "பசிக்குது" என்றுதான் சொல்கிறார்.

அப்படியானால் அடித்தளமும் பத்திரம், இலக்கணமும் பத்திரம். இழப்பு நடுவில் இருக்கிறது. கைவேலையை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் நூற்றுக்கணக்கான வினைகள் அந்த நடுத்தட்டில் இருந்தன. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் நறுக்கிய காய்கறியைப் பையில் கட்டி விற்கிறார்கள். 'கட் பண்ண காய்' என்று அதற்குப் பெயர். அந்தப் பைகளுக்குள் இருப்பவற்றை ஒரு தலைமுறைக்கு முன் சமையற்கட்டில் எப்படிச் சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கீரையை ஆய்ந்தார்கள், பிறகு அரிந்தார்கள். வெண்டைக்காயை நறுக்கினார்கள். உருளைக்குத் தோல் சீவினார்கள். தேங்காயைக் கீறினார்கள் அல்லது துருவினார்கள். பலாக்காயைக் கொத்தினார்கள். கொத்தவரங்காயின் நுனியைக் கிள்ளினார்கள். வாழைத்தண்டுக்கு நார் எடுத்தார்கள். வைணவ வீடுகளில் காய் 'திருத்து'வார்கள், அது ஓர் அழகான சொல். கத்தி எந்தக் கோணத்தில் போகிறது, துண்டு எவ்வளவு பெரிசு, கத்தி வேண்டுமா விரலே போதுமா என்பதெல்லாம் அந்த வினைக்குள்ளேயே இருந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் இன்று 'கட் பண்ணு' என்ற ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கழுவு, அலசு, துலக்கு, துடை, கூட்டு, மெழுகு எல்லாம் 'க்ளீன் பண்ணு'. சாத்து, மூடு, அடை, பூட்டு எல்லாம் 'க்ளோஸ் பண்ணு'.

இதற்கு ஆங்கிலத்தைக் குறை சொல்வதில் பயன் இல்லை. ஆங்கிலத்திலும் காய் வெட்டுவதற்கு வகைவகையான வினைகள் உண்டு, நாம் வாங்கியது கட் ஒன்றைத்தான். 'கட் பண்ணு' வந்ததனால் 'அரி' போனதா, அரிவாள்மணை போனதனால் 'அரி' போனதா என்று கேட்டால், இரண்டாவதே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன். வேலை கைமாறும்போது சொல்லும் கைவிட்டுப் போகிறது. காலியான இடத்தில் பொதுச்சொல் வந்து நிற்கிறது.

பள்ளிகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் பல காலமாக நடந்துவரும் ஒரு திருத்தம் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. பிள்ளை 'பண்ணினான்' என்று எழுதினால் அதைக் கொச்சை என்று அடித்துவிட்டுச் 'செய்தான்' என்று எழுதவைக்கிறார்கள். பண்ணு கொச்சை அல்ல. புறநானூற்றின் 12ஆம் பாட்டில் யானையையும் தேரையும் பூட்டி ஆயத்தப்படுத்துவதற்கு இந்த வினைதான் வருகிறது. யாழை இசைக்குத் தயார்செய்வதும் பண்ணுதலே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி இந்தப் பழம்பொருள்களை எல்லாம் வரிசைப்படுத்தியிருக்கிறது. ஆயத்தப்படுத்து என்ற குறுகிய பொருளிலிருந்து, எதையும் செய் என்ற பரந்த பொருளுக்கு அது வளர்ந்திருக்கிறது. திருத்துபவர்கள் பண்ணுவைச் செய் ஆக்குவதால் கிடைப்பது என்ன? 'ஸ்கேன் செய்யவும்', 'லாகின் செய்யவும்', 'ரீசார்ஜ் செய்யவும்'. விளம்பரங்களும் வங்கித் திரைகளும் இந்தத் தமிழால் நிரம்பியிருக்கின்றன. ஆங்கிலச் சொல் அப்படியே இருக்கிறது, பண்ணு மட்டும் உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இதைத் தூய்மை என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது, இன்றைய எழுத்துத் தமிழை உள்ளபடி பதிவுசெய்ய வேண்டும் என்ற துணிவு அதில் இருந்தது. 2008இலும் 2020இலும் திருத்திய பதிப்புகள் வந்தன. பேச்சுத் தமிழின் வினைகளுக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும்: எந்த ஆங்கிலச் சொல் பண்ணு கேட்கும், எது ஆகு கேட்கும், எது போடு கேட்கும், எந்த வேற்றுமையோடு வரும் என்று. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. எந்தப் பாடநூலை முடித்துவிட்டு வந்தாலும் 'அவனை கால் பண்ணேன்' என்று சொல்லித்தான் அவர்கள் பிடிபடுகிறார்கள்.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கட்டுரையில் 'காயை கட் பண்ணினாள்' என்று வந்தால், அதைக் 'கட் செய்தாள்' என்று திருத்தாதீர்கள். என்ன காய், எதற்காக என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். கீரை என்றால் 'அரிந்தாள்', வெண்டைக்காய் என்றால் 'நறுக்கினாள்', உருளைத் தோல் என்றால் 'சீவினாள்' என்று எழுதச் சொல்லுங்கள். சொல் தெரியவில்லை என்றால், வீட்டில் பாட்டியைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.